எழுத்தும் வழக்கும் – 11: கையெழுத்துப் போட்டவர் தலை

கோவில்பட்டியில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்பது எல்லாருக்கும் தெரியும். பாரதி நடத்திய பத்திரிகைக்காகச் சிறைக்குப் போனவர் பெயர் அவ்வளவாகத் தெரியாது.

அவர் எம்.சீனிவாசன். சென்னையில் 1906-ல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழுக்கு உயிர் பாரதி என்றாலும், அரசாங்கப் பதிவில் பொறுப்பாளராக இருந்தவர் சீனிவாசன்தான். அன்றிருந்த 1867-ம் ஆண்டு அச்சகச் சட்டப்படி, மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர்தான் பத்திரிகைக்குப் பொறுப்பு. யார் எழுதினார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 1908 ஆகஸ்டில் அவரைப் பிடித்தார்கள். ராஜதுரோகக் குற்றத்துக்கு ஐந்தாண்டு தண்டனை. பாரதி புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். அக்டோபரிலேயே அங்கிருந்து ‘இந்தியா’ மறுபடி வெளிவந்தது. பாரதியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எழுதுகிறவருக்கு முன்னால் இன்னொருவரை நிறுத்துவது அந்தக் காலப் பத்திரிகை உலகத்தில் நடந்துவந்த ஏற்பாடு. இன்ஷூரன்ஸ் பாலிசி இல்லாத காலத்தில் ஆளே பாலிசி.

இன்றைக்குக் கழுகுமலையிலோ கயத்தாறிலோ உட்கார்ந்து செல்போனிலேயே எழுதி, படம் பிடித்து, போடுகிறவருக்கு அந்தச் சீனிவாசன் கிடையாது. நிருபர், ஆசிரியர், வெளியீட்டாளர், முதலாளி எல்லாம் ஒரே ஆள். ஒரு பேச்சுக்கு, ‘இந்தக் கடையில் விற்பது கோவில்பட்டிக் கடலைமிட்டாயே இல்லை’ என்று அவர் ஒரு வீடியோ போடுகிறார் என்று வையுங்கள். 2020-ல் அந்த மிட்டாய் புவிசார் குறியீடு வாங்கியது. ஆகவே இது வெறும் ருசிப் பேச்சு ஆகாது; கடைக்காரரின் பிழைப்பையே தொடுகிற குற்றச்சாட்டு. வக்கீல் நோட்டீஸ் வீடு தேடி வரும்.

இதற்கு இன்ஷூரன்ஸ் உண்டா? உண்டு. மீடியா லயபிலிட்டி என்று பெயர். டி.வி. நிறுவனங்களும் சினிமாத் தயாரிப்பாளர்களும் எடுப்பது. அவதூறு, பதிப்புரிமை மீறல் என்று வழக்கு வந்தால் வக்கீல் செலவையும் கோர்ட்டு விதிக்கும் நஷ்டஈட்டையும் ஒரு வரம்புவரை கம்பெனி ஏற்கும். தனி ஆளுக்கு வேண்டுமென்றால், தனிநபர் சைபர் பாலிசிகள் சிலவற்றில் இதற்கென்று ஒரு சின்னப் பிரிவு இருக்கும். ஏஜென்ட் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவார். அவர் காட்டாத பக்கத்தில், தொழிலாகச் செய்யும் காரியங்களுக்கு இது செல்லாது என்று ஒரு வரி இருக்கக்கூடும். யூடியூபிலிருந்து மாதம் மூவாயிரம் வந்தாலும் அது தொழில்தான் என்று கம்பெனி வாதாடலாம். தெரிந்தே செய்த அவதூறுக்குப் பணம் கிடையாது. முதல் கொஞ்சம் செலவு நம் தலையில். இந்த வகைப் பாலிசிகளில் பெரும்பாலும், வழக்கு வருகிற நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். போன வருஷம் கட்டினேன், இந்த வருஷம் விட்டுவிட்டேன் என்றால் போன வருஷம் எழுதினதற்கும் பாதுகாப்பு போச்சு. ஜெர்மனியில் வக்கீல் செலவுக்கென்றே குடும்பங்கள் தனியாக இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருப்பது சாதாரணம். இங்கே அந்தப் பழக்கம் இன்னும் வேர் பிடிக்கவில்லை.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். நம் நாட்டில் அவதூறு சிவில் விவகாரம் மட்டுமில்லை, குற்றமும்கூட. பழைய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று, பழைய பிரிவுகளை வைத்து உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. ஜெயிலுக்கு எந்தக் கம்பெனியும் நமக்குப் பதிலாகப் போகாது. ஜெயில்வரை போகாத வழக்கும் ஆளைத் தின்னும். சம்மன் வரும், வக்காலத்துப் போட வேண்டும், காலையிலேயே கோர்ட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிடுவார்கள், ‘ஆஜர்’ என்று சொல்வோம், அடுத்த வாய்தா தேதி கொடுப்பார்கள். அன்றைய கூலி போச்சு. எழுதுகிறவனை அடக்க நினைக்கிறவருக்குத் தீர்ப்பு வேண்டாம், இந்த வாய்தாவே போதும்.

வழக்கு ஆளைத் தின்னும் என்பது ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சி.க்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 1908 ஜூலையில் ராஜதுரோக வழக்கில் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்தது நாற்பதாண்டு, அப்பீலில் குறைந்தது. 1912 கடைசியில் வெளியே வந்தபோது வக்கீல் சன்னதும் இல்லை, காசும் இல்லை. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தி மூலமாக, பல கடிதங்களுக்குப் பிறகு, 1916-ல்தான் வந்து சேர்ந்தது: 347 ரூபாய் 12 அணா. ஊர் கூடிப் போடுகிற பணம் மெதுவாகத்தான் வரும். சன்னதைத் திரும்ப வாங்கித் தந்தவர் நீதிபதி வாலஸ். அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அப்புறம் 1920-களில் வ.உ.சி. கோவில்பட்டிக்கே வந்து வக்கீல் தொழில் நடத்தினார். ராஜதுரோகக் கைதியாக இருந்தவர் இதே ஊரில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கட்சிக்காரர்களுக்காக வாதாடியதை நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

சரி, பாலிசி இல்லாதவருக்கு என்ன வழி? அவதூறு, போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம்தான் போக வேண்டும். ஆகவே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ‘எழுதினதை எடுத்துடு’ என்றால், எந்தப் பிரிவில் என்று மரியாதையாகக் கேட்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ம் பிரிவின்படி, மாஜிஸ்திரேட் புகாரைக் கோப்புக்கு எடுக்கும் முன்னாலேயே எதிராளிக்குப் பேச வாய்ப்புத் தர வேண்டும். சாதி, மதப் பகையைத் தூண்டினார் என்று நியாய சன்ஹிதாவின் 196-ம் பிரிவையும் சேர்த்துவிட்டால் மட்டும் கதை வேறு. அதற்குக் கைது உண்டு. சிவில் வழக்குக்கு ஒரு வருஷக் கெடு, குற்றப் புகாருக்கு மூன்று வருஷம்.

சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் போதும். குற்ற வழக்கில் அதோடு பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். இங்கேதான் 1994-ம் வருஷத்து நக்கீரன் கோபால் வழக்கு கை கொடுக்கும். கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையைப் பத்திரிகையில் வெளியிடுவது பற்றிய விவகாரம். பொது ஆவணத்தில் உள்ளதை எடுத்து எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் அதில் வழிவிட்டது. கண்மாய் தூர்வாரினதில் ஊழல் என்று எழுதுகிறவர், முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அளவும் பில்லும் வாங்கிவிட்டு எழுதினால் பாதிச் சண்டை முடிந்த மாதிரி. பதில் வந்த கவரையும் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-ம் பிரிவு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. சம்மன் கைக்கு வந்த அன்றே போய்விடுங்கள்; முதல் வாய்தாவுக்கு முந்தின நாள் போனால் கோப்பைப் படிக்க அந்த வக்கீலுக்கு நேரம் இருக்காது.

(அடுத்த வாரம்: அடுத்தவர் எடுத்த போட்டோவைப் போட்டால்?)