சோப்புக்குள் போன ஆட்டுப்பால்

கறந்த வெள்ளாட்டுப் பாலில் காஸ்டிக் சோடாவைக் கொட்டிக் கிளறினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் மஞ்சளாகும். பிறகு ஆரஞ்சு, அதன்பின் பழுப்பு. கூடவே மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி. வீட்டில் முதல் தடவை ஆட்டுப்பால் சோப்பு செய்கிறவர்கள், பால் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கீழே ஊற்றிவிடுவதும் உண்டு.

பால் கெடவில்லை, தீய்ந்துவிட்டது. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, தண்ணீரில் கரையும்போது அடுப்பில்லாமலே 80, 90 டிகிரிவரை சூடேற்றிவிடும். அந்தச் சூட்டிலும் காரத்திலும் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் சிதைந்து, புரதத்தோடு கூடிப் பழுப்பு நிறப் பொருள்களாக மாறுகிறது. பால்கோவா கிண்டும்போது நிதானமாக நடக்கும் நிறமாற்றம் இங்கே ஓட்டமாக நடக்கிறது. அமோனியா வருவது புரதத்திலிருந்து. சில அமினோ அமிலங்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நைட்ரஜனைக் காரம் கழற்றி விடுகிறது.

இதற்குச் சோப்புக்காரர்கள் கண்ட வழி எளிமையானது. பாலை ஐஸ் ட்ரேயில் ஊற்றிக் கல்லாக உறையவைத்துவிடுகிறார்கள். உறைந்த கட்டிகளை எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இருத்தி, காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுகிறார்கள். இந்தக் கைவைத்தியத்துக்குள் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. 1 கிராம் காஸ்டிக் சோடா கரையும்போது வெளிவரும் வெப்பம் சுமார் 1,100 ஜூல். 1 கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வேண்டும். ஆக, ஒவ்வொரு கிராம் சோடாவின் சூடும் மூன்று கிராமுக்கு மேல் ஐஸை உருக்குவதிலேயே தீர்ந்துவிடும். சுற்றியிருக்கும் ஐஸ் தண்ணீரும் சூட்டை இழுப்பதால், பாலைச் சுட மிச்சம் இருப்பது சொற்பம்தான்.

எவர்சில்வர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜனைக் கிளப்பும். கையுறையும் காப்புக் கண்ணாடியும் போடாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. திரவத்தில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவின் மேல் திரவத்தை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பால் உருகி முடியும்போது அதில் சிறு வெண்கட்டிகள் திரள்வதைப் பார்க்கலாம். எண்ணெய் வந்து சேர்வதற்கு முன்பே பாலின் கொழுப்பு சோப்பாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வடிகட்டியில் ஊற்றி மசித்துவிட்டால் போதும்.

அடுத்து எண்ணெய். ஒரு கொழுப்பு மூலக்கூறு என்பது ஒரு கிளிசரினில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் கோத்த அமைப்பு. காரம் அந்த மூன்றையும் வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட அமிலம் சோடியத்தோடு சேர்ந்தால் சோப்பு. தனியே நிற்பது கிளிசரின். 100 கிராம் தேங்காய் எண்ணெயை முழுக்கச் சோப்பாக்க ஏறக்குறைய 18 கிராம் காஸ்டிக் சோடா தேவை. ஆலிவ் எண்ணெய்க்கு 13.5 கிராம் போதும். தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் குட்டையானவை. அதனால் அதே எடைக்குள் அதிக மூலக்கூறுகள் அடங்கும். வெட்ட வேண்டிய இடங்களும் அதிகம். எண்ணெயை மாற்றினால் சோடாவின் அளவையும் மாற்றியே தீர வேண்டும் என்பது இதனால்தான். டம்ளர் கணக்கு, கரண்டிக் கணக்கு எல்லாம் சமையலுக்குச் சரி, இதற்கு டிஜிட்டல் தராசுதான்.

தேங்காய் எண்ணெய் 400 கிராம், ஆலிவ் எண்ணெய் 500 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம் என்று எடுத்தால் கணக்குப்படி சுமார் 153 கிராம் சோடா வரும். அனுபவசாலிகள் 5 சதவீதம் குறைத்து 145 கிராம்தான் போடுவார்கள். காரம் மிஞ்சாது, கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமலே தங்கும். பால் 330 கிராம். எல்லாவற்றையும் சேர்த்துக் கை பிளெண்டரால் அடித்தால், மேலிருந்து வடியவிட்ட கோடு மறையாமல் நிற்கும் பதம் வரும். அதை ட்ரேஸ் என்பார்கள். உடனே அச்சில் ஊற்ற வேண்டியதுதான்.

கொழுப்பைக் காரம் வெட்டும் இந்த வேலையை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரெல். கொழுப்பும் காரமும் அப்படியே ஒட்டிக்கொண்டு சோப்பாகின்றன என்றுதான் அதுவரை நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பன்றிக்கொழுப்பில் செய்த ஒரு சோப்பை ஆராயப் புகுந்த அவர், உள்ளே இருப்பது கொழுப்பே அல்ல, அதிலிருந்து பிரிந்த அமிலங்கள் என்று காட்டினார். 1823இல் வந்த அவருடைய நூல் கொழுப்பு வேதியியலுக்கு அடித்தளம். வெண்ணெயிலிருந்து அவர் பிரித்த அமிலங்களில் இரண்டுக்கு ஆட்டின் லத்தீன் பெயரைச் சூட்டினார், காரணம் அவற்றின் நாற்றம். (மனிதர் 102 வயது வாழ்ந்தார். ஈஃபில் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று.)

அந்த இரண்டில் ஒன்றான கேப்ரிக் அமிலம், பசும்பால் கொழுப்பில் இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஆட்டுப்பால் கொழுப்பில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயிலும் அது உண்டு. ஆனால் கிளிசரினோடு கட்டுண்டு இருப்பதால் தேங்காய் எண்ணெய் ஆட்டு வாடை அடிப்பதில்லை. ஆட்டுப்பால் சோப்பு வாடை அடிக்காததற்கும் இதை ஒட்டிய காரணம்தான்: சோடியத்தோடு உப்பான அமிலம் ஆவியாகாது, ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது.

கடைகளில் ஆட்டுப்பால் சோப்பைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். 330 கிராம் பாலில் பெரும்பகுதி தண்ணீர். கொழுப்பு, சர்க்கரை, புரதம் எல்லாம் சேர்ந்து 40 கிராம் சொச்சம். காய்ந்த சோப்பில் அது சுமார் 3 சதவீதம். அந்த மூன்றும் பாலாக இல்லை. கொழுப்பு சோப்பாகிவிட்டது, புரதம் துண்டு துண்டாகிவிட்டது, லாக்டிக் அமிலம் இருந்தால் அது சோடியம் லாக்டேட் ஆகிக் கட்டியை இறுக்குகிறது. தப்பிய சர்க்கரை நுரையைச் சற்றுக் கூட்டுகிறது என்பது செய்கிறவர்களின் அனுபவம். தோலின் பிஎச் அளவுக்கே சோப்பும் இருக்கும் என்பது நடக்காத காரியம். தோல் 5ஐ ஒட்டி இருக்கிறது. சோப்பு 9க்கும் 10க்கும் நடுவே. அதை அமிலப் பக்கம் இழுத்தால் சோப்பு உடைந்து மறுபடி கொழுப்பு அமிலமாகிவிடும். சோப்புத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் கலங்கித் திரிவது அதனால்தான்.

அப்படியானால் அந்தக் கட்டி தோலுக்கு இதமாக இருப்பது பொய்யா? பொய்யில்லை, பெயர்தான் பாலுக்குப் போய்விட்டது. நம் கணக்கில் 1 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 110 கிராம் கிளிசரின் உருவாகிறது. பெரிய தொழிற்சாலைகள் உப்புக் கரைசல் விட்டு அதைப் பிரித்தெடுத்துத் தனியே விற்கின்றன. வீட்டுச் சோப்பில் அது முழுக்க உள்ளேயே இருந்து ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. சோப்பாகாமல் விட்ட எண்ணெயும் கூடவே இருக்கிறது. பால் சேர்க்காமல் செய்தாலும் இவை இரண்டும் கிடைக்கும்.

சோப்பாகும் வினை ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஆனாலும் 4 முதல் 6 வாரம் காற்றோட்டமாக அடுக்கிவைக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகி, உள்ளே படிக அமைப்பு ஒழுங்காகி, சீக்கிரம் கரையாத கட்டியாவது அப்போதுதான்.

நம் ஊரில் இதோடு மஞ்சளும் சேர்க்க ஆசைப்படுவார்கள். சேர்க்கலாம், ஆனால் காரத்தில் பட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாகிவிடும். கட்டி காயக் காய அது ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் இறங்கி வரும். ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் அந்த நிறமும் போய்விடும், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது.