நீர்க்கடுப்பை மறைக்காதீர்கள்!



சம்பளம், போனஸ், ஒழுகுகிற கூரை என்று நாம் கூடிப் பேசுகிற விஷயங்கள் எத்தனையோ உண்டு. இன்று பேசப்போவது, நம்மவர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஒரு சீக்கைப் பற்றி. காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குப் போகிறோம். கையில் வெட்டுப்பட்டால் போகிறோம். ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்றால் மட்டும் பெற்ற தாயிடம் கூடச் சொல்வதில்லை. "இதையெல்லாம் போயி எப்படிங்க டாக்டர்கிட்ட சொல்றது?" என்று கேட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த நாளும் பெரட்டுக்கு வந்து நிற்கிற பெண்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆம்பிளை ஒருவன் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். எழுதத்தான் வேண்டும். இந்தச் சீக்குக்குப் பாதி மருந்து கிளினிக்கில் இருக்கிறது. மீதிப் பாதி, நாம் வேலை செய்கிற காட்டில் இருக்கிறது. காட்டு விஷயம் சங்கத்து விஷயம் அல்லவா?

சூடா, கிருமியா?

நீர்க்கடுப்பு வந்தால் நம் வீடுகளில் முதலில் சொல்வது, "சூடு பிடிச்சிருச்சு" என்பதுதான். காலின் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். வெந்தயம், இளநீர், பார்லித் தண்ணீர் என்று கொடுப்பார்கள். பெரியவர்கள் சொன்னதில் ஒரு பகுதி உண்மை உண்டு. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகும். போகும்போது சற்று எரியும். நாலைந்து கிலாஸ் தண்ணீரோ பார்லியோ குடித்தால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

அப்படித் தெளியாமல் மறுநாளும் எரிந்தால் அது சூடு அல்ல, பெரும்பாலும் கிருமி. சுண்ணாம்புக்கு அந்தக் கிருமி பயப்படாது.

அந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? வெளியூரிலிருந்து வரவில்லை. நம் குடலிலேயே இருக்கிறது. அதன் பெயர் ஈ.கோலி. 1885 இல் எஷெரிக் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டுபிடித்தது. குடலில் இருக்கும்வரை பொதுவாக அதனால் தொல்லை இல்லை. மலவாய்ப் பக்கத்திலிருந்து சிறுநீர் வாய்க்கு வந்து, குழாய் வழியாக மேலே ஏறி மூத்திரப் பைக்குள் குடியேறினால்தான் வம்பு. சாதாரண நீர்க்கடுப்பில் பத்தில் எட்டுப் பங்கு இந்தக் கிருமியின் வேலைதான்.

பெண்களுக்கு ஏன் அதிகம் வருகிறது? உடலின் அமைப்புதான் காரணம். ஆணுக்கு அந்தக் குழாய் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்தான். அதன் வாயும் மலவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. கிருமிக்கு வழி கிட்டத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கும் வரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் வரும், பேரப்பிள்ளை எடுத்த பாட்டிக்கும் வரும். "இவளுக்கு எப்படி வந்துச்சு?" என்று கண்ணைச் சுருக்குகிற மாமியார்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும்.

காட்டில் நடப்பது என்ன?

கிருமி ஏறினாலும் அதை வெளியேற்ற உடம்பு ஒரு வழி வைத்திருக்கிறது. நாம் போகிற ஒவ்வொரு முறையும் சிறுநீர் அந்தக் குழாயைக் கழுவிவிடுகிறது. நிறையத் தண்ணீர் குடித்து, வந்தபோது போய்வந்தால், உள்ளே வந்த கிருமி பெருகுவதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால்? குட்டையில் தேங்கிய தண்ணீர் போலத்தான். கிருமிக்கு விருந்து.

நம் பெண்கள் செய்வது சரியாக அதைத்தான். கித்தாக் காடு பல இடங்களில் செம்பனைக் காடாகிவிட்டது. வேலை மாறியிருக்கிறது, இந்தத் தொல்லை மாறவில்லை. விடியற்காலையில் வீட்டில் போனவர், மதியம் லயத்துக்குத் திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார். உதிரிப் பழம் பொறுக்குகிறவர், உரம் போடுகிறவர், மருந்து அடிக்கிறவர் எல்லாருக்கும் இதே கதைதான். "தண்ணி குடிச்சா போகணும்ணே. போனா எங்க போறது? அந்தப் பக்கம் ஆம்பிளைங்க கொலை வெட்டுறாங்க, இந்தப் பக்கம் டிராக்டர் வருது. பாம்பு வேற. அதனால குடிக்கிறதே இல்ல." காட்டில் நின்று கேட்டால் வருகிற பதில் இதுதான். போத்தலில் கொண்டுபோன தண்ணீர் அப்படியே வீடு திரும்புகிறது.

தண்ணீர் குடிப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பல்கேரியா நாட்டில், அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை மருத்துவர்கள் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வழக்கத்தைவிட ஒவ்வொரு நாளும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். 12 மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் இருந்தவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை சீக்கு வந்தது. கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 தடவைதான். ஏறக்குறைய பாதி! 2018 இல் வெளியான ஆராய்ச்சி இது. வெறும் தண்ணீர் செய்த வேலை. அதுவும் அவர்கள் நம்மைப்போல் உச்சி வெயிலில் குலை தூக்குகிறவர்கள் அல்ல.

எப்போது ஆபத்து?

மூத்திரப் பையில் மட்டும் கிருமி இருந்தால் எரிச்சல் இருக்கும். அடிக்கடி வருவது போலிருக்கும். போனால் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். அடிவயிறு வலிக்கும். சிறுநீர் கலங்கி நாற்றமடிக்கும். சில சமயம் இரத்தமும் கலந்திருக்கும். தொல்லைதான், ஆனாலும் சரியாக மருந்து சாப்பிட்டால் சில நாளில் தீர்ந்துவிடும்.

கவனிக்காமல் விட்டால் கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கலாம். அப்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடிக்கும். விலா எலும்புக்குக் கீழே, முதுகின் ஒரு பக்கம் வலிக்கும். குமட்டும், வாந்தி வரும். இந்த அடையாளம் தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

மருந்து என்ன?

கிளினிக்கில் ஒரு சிறிய போத்தலைக் கொடுத்துச் சிறுநீர் கேட்பார்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள். அதில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. தேவைப்பட்டால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அதற்குச் சில நாள் ஆகும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம்.

கிருமியைக் கொல்வது அன்டிபயோடிக் மாத்திரைதான். மருந்தைப் பொறுத்து 3 நாள், 5 நாள், 7 நாள் என்று கொடுப்பார்கள். சிறுநீரகத்தில் ஏறியிருந்தால் ஒரு வாரம், இரண்டு வாரம் கூட ஆகும், ஊசியும் போடலாம். இரண்டு நாளில் எரிச்சல் நின்றுவிடும். நம்மவர்கள் தவறு செய்கிற இடம் இதுதான். "நல்லாயிருச்சு" என்று மிச்ச மாத்திரையை அலமாரியில் எடுத்து வைக்கிறோம். அடுத்த வீட்டு அக்காவுக்கு எரிந்தால் அதை எடுத்துக் கொடுக்கிறோம். அரைகுறையாக அடி வாங்கிய கிருமி மறுபடி கிளம்பும். அடுத்த தடவை அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். ஒருவர் மருந்தை மற்றவர் சாப்பிடாதீர்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் சீசாவில் ஊற்றித் தந்த கலவை மருந்து பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்றைக்கு மருந்துக் கடையில் பொட்டலத் தூளாகக் கிடைக்கிறது. அது சிறுநீரின் புளிப்பைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும்; கிருமியைக் கொல்லாது. பார்லியும் இளநீரும் அப்படித்தான். தாராளமாகக் குடியுங்கள், குடித்துக்கொண்டே கிளினிக்குக்கும் போங்கள்.

இவர்கள் தாமதிக்கவே கூடாது

முதலில், வயிற்றுப் பிள்ளைக்காரி. கர்ப்பிணிகளுக்கு எரிச்சல் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கலாம். விட்டால் சிறுநீரகத்தைப் பிடிக்கும். பிள்ளை மாதம் தவறி முன்கூட்டியே பிறக்கவும் கூடும். மிஸ்ஸி ஒவ்வொரு தடவையும் சிறுநீர் கேட்பது சும்மா அல்ல. சலிக்காமல் கொடுங்கள்.

இரண்டாவது, இனிப்பு நீர் உள்ளவர்கள். 2023 ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இந்த வியாதி உண்டு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாவிட்டால் கிருமியை எதிர்க்கிற சக்தி குறையும். அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறவர்கள் இரத்தத்தில் இனிப்பைச் சோதித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ஆண்கள். ஆணுக்கு நீர்க்கடுப்பு வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வயதானவர்களுக்குச் சுரப்பி வீங்கிக் குழாயை நெருக்கலாம். கல் இருக்கலாம். சீழ் வடிந்தால் அது உடலுறவால் தொற்றுகிற வேறு சீக்கு. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும். சாதாரண நீர்க்கடுப்பு அப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற சீக்கு அல்ல.

நான்காவது, பிள்ளைகள். காரணம் தெரியாத காய்ச்சல், நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது, இவற்றையெல்லாம் கவனியுங்கள். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் அசிங்கமாக இருக்கிறதென்று அடக்கிக்கொண்டு வருகிற பெண் பிள்ளைகள் உண்டு. பெற்றோர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது சுலபம். கழுவும்போது முன்னிருந்து பின்பக்கமாகக் கழுவுங்கள். தாம்பத்தியத்துக்குப் பிறகு ஒருமுறை ஒன்றுக்குப் போய்விடுங்கள். மருந்து அடிக்கிறவர்கள், உரம் போடுகிறவர்கள் போய்விட்டு வந்த பிறகு மட்டுமல்ல, போவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சங்கத்தின் வேலை

கை கழுவக் காட்டில் தண்ணீர் எங்கே? போக மறைவு எங்கே? "நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே" என்று டாக்டர் சொல்லிவிடுவார். அதைச் செய்ய இடம் கொடுக்க வேண்டியது நிர்வாகம். இது யாசகம் அல்ல. 1994 ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15 ஆவது பிரிவு, ஆபத்தில்லாத வேலைச் சூழலும் தொழிலாளர் நலனுக்குப் போதுமான வசதிகளும் செய்துதருவது முதலாளியின் கடமை என்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். அந்தக் கூட்டத்தில் கக்கூஸ் விஷயத்தைப் பேசியது உண்டா? இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். பெண் பிரதிநிதி ஒருவரை அனுப்புங்கள். பெண்கள் கஷ்டத்தைப் பெண் வாயால் சொன்னால்தான் சபையில் ஏறும்.

பங்களா கட்டித் தரச் சொல்லவில்லை. நான்கு கம்பு, ஒரு தார்ப்பாய், ஒரு வாளி மூடி, குழாய் வைத்த தண்ணீர்ப் பீப்பாய், சோப்பு. கேங் நகரும்போது டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோகலாம். குலை ஏற்ற டிராக்டர் வரும்போது இதை ஏற்ற வராதா?

மருந்துக்குப் போனால் கூலி போய்விடுமே என்ற பயமும் வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 2 வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாள், 2 முதல் 5 வருடத்துக்குள் என்றால் 18 நாள், 5 வருடமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். நிர்வாகம் நியமித்த டாக்டரிடம் காட்டினால் பரிசோதனைச் செலவு நிர்வாகத்துடையது. எம்.சி. வாங்கி, 48 மணி நேரத்துக்குள் கிராணிக்குத் தெரிவித்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்கிறவர்களுக்கும் இந்த விடுப்பு உண்டு. அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, வலியை மறைப்பது பொறுமை அல்ல. எரிந்தால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். போக இடமில்லை என்றால் சங்கத்தில் சொல்லுங்கள். ஆண் தோழர்களே, உங்கள் மனைவியும் மகளும் காட்டுக்குக் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல் நிறைந்தே வீடு திரும்புகிறதா என்று இன்று மாலை ஒருமுறை பாருங்கள். திரும்பினால் ஏன் என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.