அரிய ஈரற் கட்டிகளும் காந்தப் பரிவுப் படிமமும்: ஒரு சமூகவியல் நோக்கு

மருத்துவ நூல்கள் சில நோய்களை ‘அரியவை’ என வகைப்படுத்துகின்றன. அரிது என்னும் இச்சொல், ஒரு நோய் இயற்கையில் நிகழும் அளவை மாத்திரம் குறிக்கின்றதா, அன்றி அதனைக் காணும் கருவியும் கண்ணும் எந்த மக்களைச் சென்றடைந்தன என்பதையும் சேர்த்தே குறிக்கின்றதா என்பது ஆராயத்தக்கது. இலக்கிய ஆய்வாளராகிய நாம் மருத்துவத் துறையுட் புகுவது குறித்துச் சிலர் ஐயுறலாம். ஆயின், ஒன்றை அதன் சூழலோடு இயைத்துப் பொருள்கொள்ளுதல் இரு துறைக்கும் பொதுவான பணி. ஈரலில் தோன்றும் அரிய கட்டிகளைக் காந்தப் பரிவுப் படிமத்தின், அதாவது எம்.ஆர்.ஐ. பரிசோதனையின், துணைகொண்டு இனங்காணும் முறை இதற்குத் தக்க சான்றாகும்.

முதலில் இக்கருவியின் அடிப்படையை நோக்குவோம். மனித உடலின் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் நுண்ணிய காந்தம் போன்றவை. வலிமைமிக்க காந்தப் புலத்தினுள் உடல் வைக்கப்படும்போது அவற்றுட் சிறிதளவு மிகுதியானவை அப்புலத்துக்கு இசைய ஒழுங்குபெறுகின்றன. குறித்த அதிர்வெண் கொண்ட வானொலி அலை செலுத்தப்பட அவ்வொழுங்கு குலைகின்றது. அலை நின்றதும் அவை பழைய நிலைக்கு மீள்கின்றன. மீளும் வேகம் இழையத்துக்கு இழையம் வேறுபடும். அவ்வேறுபாடே படத்தில் ஒளியாகவும் இருளாகவும் பதிவாகின்றது. அணுக்கருக் காந்தப் பரிவை 1946இல் புளொக், பேர்செல் ஆகியோர் தனித்தனியே நிறுவினர். அதனைப் படமாக்கும் வழியை 1973இல் லோட்டர்பர் வெளியிட்டார். அவருக்கும் இத்துறையை வளர்த்த மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஈரலைப் பொறுத்தவரை இம்முறையின் வலிமை ஒப்பீட்டில் தங்கியுள்ளது. ஒரே கட்டி பல வகையாகப் படமெடுக்கப்படுகின்றது. நீரின் அளவை மிகுத்துக் காட்டும் படத்தில், குருதிக் குழாய்களால் ஆகிய தீங்கற்ற கட்டி பளிச்சென்று ஒளிரும். கடோலினியம் கலந்த மருந்தை நாளத்தினூடாகச் செலுத்தினால் அது ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்ல நிரம்பும். கொழுப்புக்கு உரிய சைகையை நீக்கிப் பார்த்தால், கொழுப்பைக் கொண்ட அரிய கட்டிகள் வெளிப்படும். நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் படத்திலே, தடித்த சீழ் அவ்வசைவைத் தடுப்பதால் சீழ்க்கட்டி தனித்துத் தெரியும். ஈரற் கலங்களே உறிஞ்சிக்கொள்ளும் சிறப்பு மருந்தொன்றும் இன்று உண்டு. அதனைச் செலுத்தி ஏறத்தாழ 20 நிமிடங்களின் பின் படமெடுத்தால், தொழிற்படும் ஈரற் கலங்களைக் கொண்ட தீங்கற்ற முடிச்சுப் பெரும்பாலும் ஒளியுடன் நிற்கும். பிற உறுப்புகளிலிருந்து பரவிய புற்றுநோயோ கருமையாகத் தோன்றும். இதனால் தேவையற்ற அறுவைகளும் ஊசி குத்தி இழையம் எடுக்கும் சோதனைகளும் பல வேளைகளில் தவிர்க்கப்படுகின்றன.

எனினும் படிமம் தானே பேசுவதன்று. இதற்கு மெலியோய்டோசிஸ் என்னும் நோயைச் சான்றாகக் கொள்ளலாம். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பற்றீரியா ஒன்றினால் இது உண்டாகின்றது. தோலிலுள்ள கீறல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடலுட் புகும். மழைக்காலத்தில் மிகும், நீரிழிவு உள்ளோரைப் பெரிதும் தாக்கும். ஈரலில் இது தோற்றுவிக்கும் சீழ்க்கட்டி, மெல்லிய சுவர்களாற் பிரிக்கப்பட்ட பல சிற்றறைகளாகத் தேன்வதை போலக் காட்சி தரக்கூடும். சி.ரி. படத்திலும் காந்தப் பரிவுப் படிமத்திலும் இத்தோற்றம் காணப்படும். ஆயின் வேறு கிருமிகளாலும் இத்தகைய தோற்றம் உண்டாகலாம். படம் ஐயத்தை எழுப்பும். குருதியையோ சீழையோ வளர்ப்பூடகத்தில் இட்டுக் கிருமியை இனங்காண்பதே அவ்வையத்தைத் தீர்க்கும். இவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகும். சாதாரணச் சீழ்க்கட்டிகளுக்கு வழங்கப்படும் ஜென்டமைசின், மெட்ரோனிடசோல் முதலிய மருந்துகளுக்கு இக்கிருமி பணிவதில்லை. செப்டசிடிம் அல்லது மெரோபெனெம் நாளத்தினூடாகக் கிழமைக் கணக்கில் ஏற்றப்பட்டு, பின்னர் கோ-டிரைமொக்சசோல் மாதக் கணக்கில் உட்கொள்ளப்பட வேண்டும்.

இந்நோய் அறியப்பட்ட வரலாறு நமது கேள்விக்கு நேரடியாக விடை தருகின்றது. ரங்கூனில் விற்மோர் என்னும் ஆங்கிலேயரும் கிருஷ்ணசாமி என்னும் இந்தியரும் 1912இல் இதனை முதன்முதலாக விவரித்தனர். அவர்கள் கண்டவர்கள் வறியோரும் மோர்பின் பழக்கத்துக்கு ஆளானோருமாவர். பிரேத பரிசோதனை மேசையிலேயே அவர்களது உடல்கள் விஞ்ஞானத்தின் கவனத்துக்கு வந்தன. இலங்கையில் 1927இல் பதிவான முதல் நோயாளரோ ஐரோப்பியத் தேயிலைத் தரகர் ஒருவர். வயற்சேற்றில் நாள்தோறும் நின்ற கமக்காரனை விட்டு இக்கிருமி தரகரைத் தேடிச் சென்றது என எவரும் வாதிடமாட்டார். தரகரைப் பரிசோதிக்க மருத்துவரும் ஆய்வுகூடமும் இருந்தன என்பதே உண்மை. அதன்பின் பல தசாப்தங்களாக இந்நோய் இங்கு அரிதெனவே கருதப்பட்டது. இந்நூற்றாண்டிலே கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து நுண்ணுயிரியலாளர் எனோக்கா கொரயா முதலியோர் திட்டமிட்டுத் தேடத் தொடங்கியபோது, தீவின் பல பகுதிகளிலும் அது நிலைகொண்டிருப்பது தெரியவந்தது. தேடாதவிடத்தில் நோய் அரிதாகவே இருக்கும்.

இவ்வுண்மையைக் கடுகண்ணாவையில் நின்று நோக்குவது பொருத்தமானது. கண்டிக்கு ஏறும் இக்கணவாயில், வீதி அமைத்த கப்டன் டோசனுக்கு நினைவுக் கோபுரம் உண்டு. மலையைக் குடைந்த தொழிலாளருக்கு அத்தகைய கோபுரம் இல்லை. 1867இல் கண்டியை அடைந்த புகையிரதப் பாதையும் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கும் தேவையின் விளைவே. காணப்படுவோர், காணப்படாதோர் என்னும் பிரிவினையை இந்நிலக்காட்சியே கல்லிற் பொறித்து வைத்திருக்கின்றது.

இன்று இங்குள்ள கமக்காரர் ஒருவருக்குக் காய்ச்சலும் வலப்புற வயிற்று நோவும் நீடிக்கின்றன எனக் கொள்வோம். உள்ளூர் வைத்தியசாலையிலிருந்து பேராதனைக்கோ கண்டிக்கோ அவர் அனுப்பப்படலாம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமே. எனினும் போக்குவரத்துக்கும் இழந்த நாட்கூலிக்கும் ஈடு இல்லை. வரிசையில் காத்திருக்க இயலாதோர் தனியார் நிலையத்தில் பணம் செலுத்தவேண்டும். இவற்றையெல்லாம் கடந்து படம் எடுக்கப்பட்டாலும், ‘என்ன தொழில் செய்கிறீர்கள்?’ என்னும் எளிய வினா கேட்கப்படாவிடின் அப்படம் அரைகுறை வாசிப்பாகவே எஞ்சும். சேற்று வயலும் நீரிழிவும் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தாலன்றித் தேன்வதைத் தோற்றம் வெறும் தோற்றமே.

ஆகவே கருவியைப் புறக்கணிப்பதும் அதனை வழிபடுவதும் ஒருங்கே தவறாகும். காந்தப் பரிவுக் கருவி மனித உழைப்பினதும் சிந்தனையினதும் பெரும் பேறு. அது மக்கள் அனைவருக்கும் உரியதாதல் வேண்டும். அதனோடு, மாவட்டந்தோறும் குருதி வளர்ப்புச் சோதனைக்கான ஆய்வுகூட வசதியும், நோயாளரின் உழைப்பை வினவும் மருத்துவக் கல்வியும் இணைதல் வேண்டும். அவ்வாறு இணையும்போது, இன்று நாம் அரியவை என அழைக்கும் நோய்களுட் சில, உழைக்கும் மக்களின் அன்றாட நோய்களாகவே இருந்துவந்தன என்பது புலனாகும்.