குடி நினைவை அழிப்பது எப்படி?

தவறணைச் சாராயமோ களவாகக் காய்ச்சும் கசிப்போ, மூளையைத் தாக்குவது ஒரே எதனோல்தான். நெடுநாள் குடிப்பவர் சோற்றைக் குறைத்துவிடுவார். உண்ணும் கொஞ்சத்திலுள்ள விற்றமின் பி1ஐயும் (தயமின்) குடல் சரியாக உறிஞ்சாது. தயமின் இல்லாமல் மூளைக் கலங்களால் குளுக்கோசிலிருந்து போதிய சக்தி பெறமுடியாது. குழப்பம், தள்ளாட்டம், கண்ணசைவுக் கோளாறு ஆகியன முதலில் வரும்; 1881இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த நோய் இது. கவனியாது விட்டால், கோர்சகோவ் 1887இல் எழுதிய மறதி நிரந்தரமாகிவிடலாம்.

இந்த மறதியோடு கொழும்பு ஆஸ்பத்திரி வார்ட்டில் கிடக்கும் கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவர், காலையில் துறைமுகத்தில் மூட்டை இறக்கியதாகச் சொல்லக்கூடும். பொய்யல்ல, நினைவின் வெற்றிடத்தை மூளை தானாக நிரப்புகிறது. பழங்கதைகளைத் தெளிவாகச் சொல்வதால் வீட்டார் ஏமாறுவதுண்டு.

மருந்து மலிவு: தயமின் ஊசி. அதைப் போடாமல் குளுக்கோசு மட்டும் ஏற்றினால், எஞ்சிய தயமினும் தீர்ந்து நிலைமை மோசமாகலாம்.