பொதுச் சுவர் யாருடையது?

2020 டிசம்பர் 16. கேரள உள்ளாட்சித் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை நாள். பாலக்காடு நகரசபையின் 52 வார்டுகளில் 28 வார்டுகளைப் பிடித்து பா.ஜ.க. தனிப் பெரும்பான்மை பெற்றது. வெற்றிக் களிப்பில் தொண்டர்கள் சிலர் நகரசபைக் கட்டடத்தின் மேலேறி இரண்டு பேனர்களைத் தொங்கவிட்டார்கள். ஒன்றில் சத்ரபதி சிவாஜியின் படமும் ‘ஜெய் ஸ்ரீராம்’ முழக்கமும். இன்னொன்றில் மோடி, அமித் ஷா படங்கள். அந்தக் காட்சி செல்போன் வழியே கேரளம் முழுக்கப் பரவியது.

பேனர்கள் இறக்கப்பட்டன. நகரசபைச் செயலாளர் புகார் கொடுத்தார். கலவரத்தைத் தூண்டும் செயல் என்று போலீஸ் வழக்குப் பதிந்தது. 18ஆம் தேதி மார்க்சிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான டி.ஒய்.எஃப்.ஐ.யினர் ஊர்வலமாக வந்து, அதே கட்டடத்தில் தேசியக் கொடியைத் தொங்கவிட்டார்கள்.

கட்சிச் சண்டை என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ராமன் பெயர் பாலக்காட்டுக்குப் புதிதா என்ன? கர்க்கடக மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு மலையாளக் கவி எழுத்தச்சனின் ராமாயணம் ஒலிக்கும். அவர் கடைசிக் காலத்தைக் கழித்ததாக ஊரார் சொல்லும் குருமடம் பக்கத்துச் சித்தூரில்தான் இருக்கிறது. விளக்கின் முன்னால் உட்கார்ந்து சொல்லும்போது அது பக்தி. எல்லோர் வரிப்பணத்திலும் நிற்கும் கட்டடத்தின் மேல், ஜெயித்த நாளில் அதையே தொங்கவிட்டால், உள்ளே வருகிறவனிடம் “நீ யார்?” என்று கேட்பதாகிவிடுகிறது. பிறப்புச் சான்றிதழுக்கு வரும் ஒரு முஸ்லிம் தாய் அந்தத் துணிக்குக் கீழே நடந்துதான் கவுன்டருக்குப் போகவேண்டும். அரசுக்கு மதம் கிடையாது என்பதை அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கூறாக 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது இவரைப் போன்றவர்களுக்காகவும்தான்.

பொது இடம் யாருடையது என்ற கேள்வி பாலக்காட்டுக்குப் பழையது. 1924இல், வைக்கத்தில் சத்தியாகிரகம் நடந்த அதே ஆண்டில், இங்கே கல்பாத்தி அக்ரகார வீதியில், தீண்டாமைக்கு ஆளான ஈழவ சாதியினர் நடக்கலாமா கூடாதா என்று பெரும் தகராறு வெடித்தது. தேர் ஓடும் அந்த வீதியில் நடக்கப் போனவர்களுக்கு அடி விழுந்தது. இந்துவாக இருந்து நடக்க முடியாத தெருவில் ஆரிய சமாஜியாகவாவது நடக்கலாம் என்று சிலர் சமாஜத்தில் சேர்ந்தார்கள். அக்ரகாரத்தார் தமிழ் பேசியவர்கள். நம் மொழி அன்று எந்தப் பக்கம் நின்றது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பொதுக் கட்டடத்தின் மேல் யாருடைய துணி தொங்குவது என்ற சண்டை வேறு நாட்டிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் கொடி, 1960களின் தொடக்கத்திலிருந்து சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியில் பறந்தது. கறுப்பின மக்கள் பல காலம் போராடியதால் 2000இல் அது கீழே வளாகத்துக்கு இறங்கியது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பத்து நாள் கழித்து பிரீ நியூசம் என்ற பெண் கம்பத்தில் ஏறித் தன் கையாலேயே கொடியைக் கழற்றினார். அவரைக் கைது செய்துவிட்டு, கொடியை மறுபடி ஏற்றினார்கள். ஜூலை 10ஆம் தேதிதான் அது சட்டப்படி இறங்கியது.

துணியாக இருந்தால் இறக்கிவிடலாம். தமிழ்நாட்டு எல்லையோரத்தில் துணியில்லாமலே பிரிவினை நிற்கிறது. பாலக்காட்டின் முதலமடைப் பஞ்சாயத்தில், பொள்ளாச்சிப் பக்கமாக, கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்களுக்குத் தண்ணீர்க் குழாய் தனி, டீக்கடையில் டம்ளர் தனி என்ற குமுறல் 2017இல் வெளியே வந்தது. பொதுக் குழாயும் அரசின் பெயரில் நிற்பதுதானே? நகரசபைச் சுவருக்கு உள்ள பொறுப்பு அதற்கும் உண்டு.

அரசுப் பலகையே அடையாளம் குத்திய கதையும் இங்கே உண்டு. தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பு என்றால் ‘காலனி’ என்றுதான் பதிவேட்டிலும் பெயர்ப் பலகையிலும் எழுதிவந்தார்கள். முகவரி சொல்லும்போதே சாதியும் தெரிந்துவிடும். 2024 ஜூனில் கேரள மந்திரி பதவியை விட்டு விலகும் நாளில் கே. ராதாகிருஷ்ணன் அந்தச் சொல்லைக் கைவிடும்படி உத்தரவு போட்டார். கோவிந்தாபுரம் அடங்கிய ஆலத்தூர் தொகுதிதான் அவரை அப்போது நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது.

பொது இடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்ட கதையும் ஒன்று உண்டு. இடுக்கியில், மூணாறுக்கும் மேலே, காய்கறி விளையும் வட்டவடை. தமிழ்க் கிராமம்தான். சக்கிலியர் தலையில் கை வைக்க மாட்டோம் என்று ஊர் முடிதிருத்தும் கடைகள் காலங்காலமாகச் சொல்லிவந்தன. முடிவெட்ட அவர்கள் மலையிறங்கி வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. புகார் கிளம்பியது. பாகுபாடு கூடாது என்று பஞ்சாயத்து கண்டித்ததும், கடைக்காரர்கள் கடையை மூடினார்களே தவிர மனம் மாறவில்லை. கடைசியில் பஞ்சாயத்தே முன்வந்தது. பாலக்காட்டில் பேனர் தொங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 2020 செப்டம்பரில், வட்டவடைப் பஞ்சாயத்து பொது முடிதிருத்தும் நிலையம் ஒன்றைத் திறந்தது. எந்தச் சாதிக்காரரும் அங்கே போய் நாற்காலியில் உட்காரலாம்.