பால் கணக்கும் அட்டெண்டன்ஸ் கணக்கும்!

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் எத்தனை பாக்கெட் வாங்கினோம், காஸ் சிலிண்டர் என்றைக்கு வந்தது, சின்னவனுக்கு எந்தத் தேதியில் காய்ச்சல், எல்லாவற்றையும் அதில்தான் குறித்து வைப்பேன். அந்தக் காலண்டர்தான் என் மூத்த பெண்ணின் படிப்பைக் காப்பாற்றியது என்றால் நம்புவீர்களா?

அவள் திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முதலாம் ஆண்டு சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். நானோ பிளஸ் டூவோடு நின்றவள். காலையில் அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறிவிட்டால் என் கடமை முடிந்தது என்றே இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் கணவரின் செல்போனுக்குக் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. அல்லைட் மேத்ஸ் பாடத்தில் இவளுடைய வருகை 60 சதவீதம்தானாம்!

“தினமும் கிளம்பிப் போறியே, எங்கே போறே?” என்று இவர் போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. என் மாமியார் தன் பங்குக்கு, “படிப்பு ஏறலைன்னா விட்டுடச் சொல்லு. தை பொறந்ததும் நல்ல இடமாப் பார்த்து முடிச்சுடலாம்” என்றார். நானும் சும்மா இருக்கவில்லை, என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அத்தனைக்கும் அவள் சொன்ன ஒரே பதில், “பஸ் லேட்டும்மா.” அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

படுத்தால் தூக்கம் வரவில்லை. ‘தை பொறந்ததும்’ என்ற வார்த்தைதான் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. என் படிப்பும் இப்படி ஒரு வார்த்தையில் நின்றதுதானே!

சனிக்கிழமை மதியம் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு வாழைப்பூவை எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டி உட்கார வைத்தேன். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது என் அனுபவம். காலண்டரையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன்.

“திட்டலைடி. கணக்கு மட்டும் சொல்லு” என்றேன்.

அவள் கல்லூரியில் பாடத்துக்குப் பாடம் தனிக் கணக்கு. மேத்ஸ் வகுப்பு ஒரு செமஸ்டருக்கு 60 மணி. அதில் 75 சதவீதம், அதாவது 45 மணி உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை நடந்தது 30 மணி. இவள் போனது 18. பாக்கி 30 மணியில் 27 மணி போனால்தான் 45 வரும். இனிமேல் மூன்றே மூன்று மணிதான் விடலாம்! 65-க்கு மேல் 75-க்குள் இருந்தால், டாக்டர் சர்டிபிகேட் போன்ற தகுந்த காரணம் காட்டினால் பல பல்கலைக்கழகங்களில் விலக்கு தருவதுண்டு. அதற்கும் கீழே போனால் பரீட்சை எழுதுவதே கஷ்டம்.

சரி, விட்டுப்போன அந்த 12 மணி எங்கே போயிற்று? காலண்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினோம்.

கும்பகோணத்தில் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம், இரண்டு நாள். நாத்தனார் பெண்ணின் வளைகாப்பு, ஒரு நாள். சின்னவனுக்குக் காய்ச்சல் என்று நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வீட்டைப் பார்த்துக்கொள்ள இவளை நிறுத்தியது, ஒரு நாள். ஆக, நாலு மணியை விழுங்கியது நான்தான்! என் கையெழுத்திலேயே காலண்டரில் இருக்கிறதே, மறுக்க முடியுமா?

இரண்டு நாள் மாதவிலக்கு வலி. மீதி ஆறு?

அவள் வாழைப்பூவின் நரம்பை உருவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, “காலேஜுக்குப் போயிடுவேம்மா. முதல் மணி முடியற வரைக்கும் லைப்ரரியில உட்கார்ந்திருப்பேன்” என்றாள்.

முதல் வாரம் லெக்சரர் ‘ஃபங்ஷன்’ என்றால் என்ன என்று கேட்டாராம். இவள் ஏதோ சொல்ல, வகுப்பே சிரித்துவிட்டதாம். அன்றிலிருந்து முதல் மணி என்றாலே வயிற்றைக் கலக்குகிறதாம்.

நம் வீட்டில் ஃபங்ஷன் என்றால் வளைகாப்பும் கிரகப்பிரவேசமும்தான். ஆனால் பிளஸ் டூ கணக்கில் இவள் படித்த ‘சார்பு’தான் அங்கே ஃபங்ஷன். ‘அணி’தான் மேட்ரிக்ஸ், ‘வகையிடல்’தான் டிஃபரன்ஷியேஷன், ‘தொகையிடல்’தான் இன்டக்ரேஷன். பாடம் எல்லாம் தெரிந்த பாடம். பெயர்தான் தெரியாத பெயர். இதற்குப் போய் ஒரு பெண்ணின் படிப்பு நிற்பதா?

திங்கட்கிழமை அவளோடு நானும் போய் வகுப்புப் பொறுப்பாசிரியையைப் பார்த்தேன். பயந்துகொண்டேதான் போனேன். அவரோ பொறுமையாகக் கேட்டார். “முதல் வருஷத்தில் நிறையப் பேருக்கு இந்தத் தயக்கம் உண்டு. சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்கட்டும். முன் பெஞ்சில் உட்காரட்டும்” என்றார். தமிழ் மீடியத்திலிருந்து வந்த இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தியையும் அறிமுகம் செய்து வைத்தார். அவள் யோசனைப்படி ஒரு நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுத ஆரம்பித்தாள் என் பெண். ராத்திரி நான் சப்பாத்தி தேய்க்கும்போது தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள்.

மாதவிலக்கு வலியை மட்டும், ‘எல்லாருக்கும் வருவதுதானே’ என்று விட்டுவிட மனசில்லை. டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8. குறைந்தது 12 இருக்க வேண்டுமாம்! 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. சோகை இருந்தால் சோர்வும், மூச்சு வாங்குவதும், கவனம் நிலைக்காததும் வரும். அதை நாம் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம்! டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். அதைக் காபி, டீ, பாலோடு சேர்த்துப் போடக்கூடாது, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. வலிக்கும் அவர் சொன்ன மாத்திரையை மட்டுமே கொடுத்தேன்.

வீட்டிலும் இரண்டு சட்டம் போட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் எல்லார் செல்போனும் ஹாலில்தான் இருக்கும். இவருடையதும் சேர்த்துத்தான்! காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிடாமல் வாசல் தாண்டக்கூடாது.

மூன்றாவது சட்டம் எனக்கு நானே போட்டுக்கொண்டது. காலேஜ் நாளில் அவளை எந்த விசேஷத்துக்கும் அழைத்துப் போவதில்லை. அக்கா பெண்ணின் நிச்சயதார்த்தம் ஒரு வியாழக்கிழமை வந்தது. நான் மட்டும் போனேன். “உன் பொண்ணு கலெக்டருக்கா படிக்கிறா?” என்று கேட்ட அக்கா, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

செமஸ்டர் முடிவில் கணக்குப் பார்த்தோம். பாக்கி 30 மணியில் அவள் போனது 28. மொத்தம் 46. ஒரே ஒரு மணிதான் கூடுதல்! பரீட்சை எழுதினாள். மேத்ஸில் பெரிய மார்க் இல்லை, பாஸ். “தை பொறந்ததும்...” என்ற பேச்சும் அதோடு வீட்டில் நின்றது.

உங்கள் வீட்டிலும் இந்த வருஷம் ஒரு பிள்ளையோ பெண்ணோ கல்லூரியில் காலடி வைத்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வராவிட்டால் டீச்சர் கூப்பிட்டுக் கேட்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொல்லும். கல்லூரியில் பல சமயம், செய்தி நம்மை எட்டும்போது பாதி செமஸ்டர் ஓடியிருக்கும். ஆகவே மாதம் ஒரு முறை, பால் கணக்குப் பார்க்கும் அன்றே, “எந்தப் பாடத்தில் எத்தனை மணி விட்டே? ஏன்?” என்று கேளுங்கள். அந்த ‘ஏன்’ ரொம்ப முக்கியம். குரலை உயர்த்திக் கேட்டால் “பஸ் லேட்” என்ற பதில்தான் வரும்.

எங்கள் காலண்டரில் இப்போது பால் கணக்குக்குப் பக்கத்திலேயே அவள் வகுப்புக் கணக்கும் ஏறுகிறது. அதை அவளே எழுதுகிறாள்.