இருவீச்சுத் தோட்டக் கருவிகளுக்கான எரிபொருள் கலவை

இருவீச்சு எரிபொருள் கலவை என்பது பெட்ரோலுடன் அதற்குரிய எண்ணெயைக் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்துத் தயாரிக்கப்படும் எரிபொருள் ஆகும். 'டூ ஸ்ட்ரோக்' எந்திரம் பொருத்திய பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம், முதுகில் சுமக்கும் பவர் ஸ்பிரேயர் ஆகியவை இக்கலவையில் இயங்குகின்றன.

எண்ணெய் சேர்ப்பதன் காரணம்

நான்குவீச்சு எந்திரத்தில் எண்ணெய் தனியாக அடிப்பகுதியில் தேங்கியிருக்கும். இருவீச்சு எந்திரத்தில் பெட்ரோலும் காற்றும் அந்த அடிப்பகுதி வழியாகவே உருளைக்குச் செல்கின்றன. எனவே எண்ணெய் பெட்ரோலுடன் சேர்ந்து சென்று, பேரிங், பிஸ்டன், உருளைச் சுவர் ஆகியவற்றில் மெல்லிய படலமாகப் படிகிறது. வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி உருளைக்குள் இறுகிவிடும். மெக்கானிக்குகள் இதனை 'சீஸ்' என்பர்.

விகிதம்

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குத் தேவையான எண்ணெய்:

* 50:1 – 20 மி.லி.
* 40:1 – 25 மி.லி.
* 25:1 – 40 மி.லி.

கருவியின் கையேட்டில் உள்ள விகிதத்தையே பின்பற்ற வேண்டும். எண்ணெய் கூடினால் பாதுகாப்பு கூடும் என்பது தவறான எண்ணம். மிகுதியான எண்ணெயால் புகை பெருகும். ஸ்பார்க் பிளக்கிலும் புகைபோக்கியிலும் கரி படியும்.

எண்ணெய், பெட்ரோல் தேர்வு

காற்றால் குளிரும் எந்திரங்களுக்கான எண்ணெயே ஏற்றது. புட்டியில் ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற தரக்குறியீடு இருக்கிறதா எனப் பார்க்கலாம், இவற்றுள் எஃப்.டி. உயர்ந்தது. டி.சி.-டபிள்யூ3 எனக் குறிக்கப்பட்டது நீரால் குளிரும் படகு எந்திரங்களுக்கானது. கார், பைக்குகளின் நான்குவீச்சு எண்ணெயையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. பல கருவிகளின் கையேடுகள் 10 விழுக்காடு வரையே அனுமதிப்பதால், வாங்கும்முன் இதனைச் சரிபார்ப்பது நல்லது.

கலக்கும் முறை

தூய்மையான பெட்ரோல் கேனில் பாதியளவு பெட்ரோலை ஊற்றி, எண்ணெய் முழுவதையும் சேர்த்துக் குலுக்க வேண்டும். பின்னர் மீதிப் பெட்ரோலை ஊற்றி மீண்டும் குலுக்க வேண்டும். கருவியின் டேங்கிலேயே கலந்தால் எண்ணெய் சீராகக் கலவாது. ஒரு மாதத்திற்குத் தேவையான அளவு மட்டும் தயாரிப்பது நலம்.

பாதுகாப்பு

பல எண்ணெய்களில் சாயம் சேர்க்கப்படுவதால், கலந்த பெட்ரோல் குளிர்பானம் போலத் தோன்றக்கூடும். அதனைத் தண்ணீர்ப் புட்டியில் வைத்தால் குழந்தைகள் குடித்துவிடும் ஆபத்து உண்டு. எரிபொருள் நிரப்பும்முன் எந்திரத்தை நிறுத்தி ஆறவிட வேண்டும்.